முதல் மிட்வைஃப் சந்திப்பில் என்னென்ன கேட்பார்கள்? (லண்டன், 7 வாரம்)

வல்லத்துக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஊர் தஞ்சாவூர் பக்கம் வல்லம். கல்யாணமாகி, கணவரின் வேலை விசாவில் கிராய்டனுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் வீட்டிலேயே டெஸ்ட் பண்ணிப் பார்த்தோம், இரண்டு கோடு வந்தது. நாள் கணக்குப்படி இப்போது 7 வாரம்.

ஜிபிக்கு (இங்கே குடும்ப டாக்டரை அப்படித்தான் சொல்கிறார்கள்) போன் பண்ணினால், இங்கே வர வேண்டாம், ஆஸ்பத்திரி வெப்சைட்டில் நீங்களே பாரம் நிரப்பி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அனுப்பினோம். அடுத்த வாரம் வியாழக்கிழமை மிட்வைஃபைப் பார்க்க வரச் சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில்கூட இல்லை, பக்கத்துச் சில்ட்ரன்ஸ் சென்டரில். ஒரு மணி நேரம் ஆகுமாம். டாக்டர் என்ற வார்த்தையே அதில் இல்லை, ஸ்கேன் பற்றியும் இல்லை.

என் அக்காவுக்கு ஊரில் டெஸ்ட் போட்ட மறுநாளே லேடி டாக்டர், ஸ்கேன், மாத்திரை எல்லாம் ஆயிற்று. அம்மாவிடம் மிட்வைஃப் என்றால் மருத்துவச்சி என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவர் தூங்கவில்லை. "டாக்டர் பார்க்காமல் எப்படிடி?" என்று தினமும் கேட்கிறார்.

எனக்கு மூன்று கவலை. இங்கிலீஷ் படிப்பேன், எழுதுவேன். ஆனால் இவர்கள் வேகமாகப் பேசினால் பாதி புரிவதில்லை. சித்தி மகள் ஒருத்தி சட்டனில் இருக்கிறாள், நான் கூட வந்து சொல்கிறேன் என்கிறாள். கூட்டிப் போகலாமா? இரண்டாவது, என் கணவர் என் சொந்தத் தாய்மாமா மகன். அதைச் சொன்னால் ஏதாவது பிரச்சினை வருமா, அல்லது சொல்லாமல் விட்டுவிடலாமா? மூன்றாவது, இதற்கெல்லாம் பணம் கட்ட வேண்டுமா?

போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ரெண்டு பிள்ளை அப்பா:

வாழ்த்துகள் சகோதரி. பணம் கட்ட வேண்டாம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே ஹெல்த் சர்சார்ஜ் என்று ஒரு தொகை கட்டியிருப்பீர்கள். பிரசவம் வரை எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

உங்கள் கணவருக்கு ஒரு விஷயம். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, லீவு கேட்க முடியாது என்று தயங்க வேண்டாம். மனைவியின் கர்ப்பகாலச் சந்திப்புகளில் இரண்டுக்குக் கூடப் போக, முதல் நாளிலிருந்தே சட்டப்படி உரிமை உண்டு. ஒவ்வொரு முறையும் ஆறரை மணி நேரம் வரை. சம்பளம் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் போகக் கூடாது என்று சொல்ல முடியாது. நான் முதல் குழந்தைக்குப் போகவில்லை. இரண்டாவதற்குப் போனேன். அப்பா பக்கத்துக் குடும்ப நோய்களைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். என் அம்மாவுக்கு என்ன வயதில் சர்க்கரை வந்தது என்பது என் மனைவிக்கு எப்படித் தெரியும்?

ஈஸ்ட்ஹாம் மீனாட்சி:

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். அம்மாவிடம் மருத்துவச்சி என்று சொன்னதை மாற்றிச் சொல்லுங்கள். நம் பாட்டி காலத்தில் வீட்டுக்கு வந்து பிரசவம் பார்த்த அம்மாக்கள் மாதிரி இல்லை இவர்கள். இதற்கென்றே மூன்று வருடம் பட்டப்படிப்பு படித்து, பதிவு எண் வாங்கி வேலை பார்க்கிறவர்கள். இந்த நாட்டில் கர்ப்பம் சிக்கலில்லாமல் போனால் ஆரம்பம் முதல் குழந்தை பிறக்கும் வரை மிட்வைஃப்தான் பார்ப்பார். ஏதாவது ஒன்று சரியில்லை என்று பட்டால் அவரே டாக்டரிடம் அனுப்புவார். டாக்டர் இல்லாததால் கவனிப்புக் குறைவு என்று இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள், 2017-இல் ஒன்று, 2020-இல் ஒன்று. இரண்டு பேரையும் கையில் ஏந்தியது மிட்வைஃப்தான்.

இந்த முதல் சந்திப்புக்குப் புக்கிங் அப்பாயின்ட்மென்ட் என்று பெயர். 10 வாரத்துக்குள் முடித்துவிடப் பார்ப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு, கீழே சொல்கிறேன். ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி நேரம் பேச்சுதான். அவர் கேட்பார், நீங்கள் சொல்வீர்கள், அவர் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டே இருப்பார்.

முதல் கேள்வி கடைசியாகத் தீட்டு வந்த தேதி. நான் தேதியெல்லாம் குறித்து வைக்கிற பழக்கம் இல்லாதவள். இரண்டாவது ஆடி வெள்ளிக்கு இங்கே மகாலட்சுமி கோயிலுக்குப் போக எல்லாம் எடுத்து வைத்து, காலையில் போக முடியாமல் ஆகிவிட்டது. அது மட்டும் நினைவிருந்தது. அங்கேயே போனில் காலண்டரைத் திறந்து எண்ணி, 2016 ஜூலை 29 என்று சொன்னேன். நீங்கள் இப்போதே எண்ணி ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் உங்கள் உடம்பு பற்றி. இதற்கு முன் கர்ப்பம் ஆனதுண்டா, ஆபரேஷன் நடந்ததா, தைராய்டு, ஆஸ்துமா, வலிப்பு, எந்த மருந்தாவது சாப்பிடுகிறீர்களா, எதற்காவது அலர்ஜி உண்டா. பிறகு இரண்டு வீட்டுக் குடும்பமும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், பிறவிக் குறை, காச நோய். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் தண்ணீர் குடித்து ரத்தம் எடுக்கும் டெஸ்டுக்கு அப்போதே பெயர் போட்டுவிடுவார்கள். என் அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு, அதையும் எழுதிக்கொண்டார்.

சொந்தத்தில் கல்யாணம் என்பதை மறைக்கவே மறைக்காதீர்கள். நீங்களும் குழந்தையின் அப்பாவும் ரத்த சொந்தமா என்று எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், விசாவுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்பதால், குடும்பத்தில் ஓடுகிற சில நோய்களின் மரபணு இரண்டு பேரிடமும் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூட. அதனால்தான் கேட்கிறார்கள். முக்கியமாகத் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய். அந்த ரத்தப் பரிசோதனையை 10 வாரத்துக்குள் செய்தால்தான், உங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்தால் உடனே அவரையும் பரிசோதித்து, மேற்கொண்டு யோசிக்க அவகாசம் கிடைக்கும். ஆரம்பத்திலேயே கூப்பிடுவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சொல்கிற விதத்தைக் கவனியுங்கள். இங்கிலீஷில் மாமா மகன், அத்தை மகன், பெரியப்பா மகன் எல்லாமே கசின்தான். பெற்றோரின் கூடப்பிறந்தவர் பிள்ளைக்கும் அந்த வார்த்தை, ஒன்றுவிட்ட உறவுக்கும் அதே வார்த்தை. "என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் மகன்" என்று முழுசாகச் சொல்லுங்கள். தாத்தா பாட்டியிலிருந்து இரண்டு கோடு இழுத்து ஒரு தாளில் வரைந்து கொண்டு போனால் இன்னும் நல்லது.

வேறு சில கேள்விகள் உங்களைத் திடுக்கிட வைக்கலாம். சிகரெட், மது, போதை மருந்து உண்டா என்று கேட்பார்கள். ஒரு சின்னக் குழாயில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறதா என்று பார்க்க, புகை பிடிக்காதவர்களுக்கும் உண்டு. பெண்ணுறுப்பு அறுக்கும் வழக்கத்துக்கு ஆளானீர்களா என்றும் கேட்பார்கள். நம் ஊரில் இல்லாத ஒன்றை ஏன் கேட்கிறார்கள் என்று நான் பயந்துபோனேன். எல்லாப் பெண்களிடமும் கேட்பது, இல்லை என்று சொன்னால் முடிந்தது. போன ஒரு மாதமாக மனசு சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். ஊரை விட்டு வந்து ஏழே மாதம். அப்படி இருந்தால் இருக்கிறது என்றே சொல்லுங்கள் தங்கச்சி.

கணவரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லி, வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா என்று தனியாகக் கேட்பார்கள். அவரைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அவர் வருத்தப்பட வேண்டாம், முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

பேச்சு முடிந்ததும் உயரம், எடை, ரத்த அழுத்தம். ஒரு சின்ன பாட்டிலில் சிறுநீர். பிறகு ரத்தம். ஐந்தாறு குழாய் நிரப்புவார்கள், பயப்படாதீர்கள். ரத்த வகை, ஹீமோகுளோபின், தலசீமியா, மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி., சிஃபிலிஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையில் எடுத்துவிடுவார்கள். வெறும் வயிற்றில் போக வேண்டாம், நன்றாகச் சாப்பிட்டுப் போங்கள். கையில் இரண்டு பிஸ்கட் வைத்திருங்கள், வாந்தி நேரம்.

ரத்த ரிசல்ட் வந்ததும் என் ஹீமோகுளோபின் 118 என்று இருந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, இங்கே லிட்டர் கணக்கு, நம் ஊரில் டெசிலிட்டர் கணக்கு. நம் கணக்கில் அது 11.8. முதல் மூன்று மாதத்தில் 110-க்குக் குறைந்தால்தான் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். ஊரில் மாதிரி எல்லோருக்கும் தருவதில்லை. மாத்திரை கொடுக்கவில்லையா என்று அம்மா கேட்பார், பதிலைத் தயாராக வைத்திருங்கள். இங்கே எல்லோருக்கும் சொல்வது ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் 12 வாரம் வரை, வைட்டமின் டி 10 மைக்ரோகிராம். ஃபோலிக் ஆசிட் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றால் வியாழன் வரை காத்திருக்காதீர்கள், இன்றைக்கே பார்மசியில் வாங்குங்கள். சர்க்கரை, தலசீமியா போன்றவை இருப்பவர்களுக்கு 5 மில்லிகிராம், அதை டாக்டர் சீட்டில்தான் வாங்க முடியும்.

செய்யாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே கைவைத்துப் பரிசோதிக்க மாட்டார்கள். ஸ்கேன் கிடையாது. இதயத் துடிப்பு கேட்க வைக்க மாட்டார்கள். அழுதுவிடாதீர்கள், முதல் ஸ்கேன் 11 முதல் 14 வாரத்துக்குள் ஆஸ்பத்திரியில். டவுன் சிண்ட்ரோம் மாதிரியானவற்றுக்கு அதோடு சேர்த்துப் பரிசோதிக்கலாமா என்று அன்றைக்கே கேட்டு வைப்பார்கள். வேண்டும், வேண்டாம் என்று நீங்கள் இருவரும் பேசி முடிவு எடுங்கள், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

சாப்பாடு பற்றி ஒரு தாள் தருவார்கள். நம் வீட்டு வழக்கத்தோடு இடிக்கிற இரண்டு விஷயம் அதில் இருக்கும். ஒன்று ஈரல். ரத்தம் ஊறும் என்று அம்மா சொல்வார். இங்கே வைட்டமின் ஏ அதிகம், குழந்தைக்கு ஆகாது என்று கூடவே கூடாது என்கிறார்கள். இன்னொன்று சுறா. பாதரசம் சேரும் மீன் என்று தடை. சுறாப்புட்டு ஆசை இருந்தால் குழந்தை பிறக்கட்டும்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். சித்தி மகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

2016 செப்டம்பர் கடைசியில் நான் போனபோது என் நாத்தனார்தான் கூட வந்தார். நல்லவர், அன்பானவர். வந்து மூன்று மாதம்கூட ஆகாத எனக்கு மொழிபெயர்க்க லீவு போட்டு வந்தார். இதற்கு முன் கர்ப்பம் ஆனதுண்டா என்று மிட்வைஃப் கேட்டார். எனக்குக் கேள்வி இங்கிலீஷிலேயே புரிந்துவிட்டது. நாத்தனார் அதைத் தமிழில் என்னிடம் கேட்காமலேயே சிரித்துக்கொண்டு "இதுதான் முதல்" என்று பதில் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய வருடம் மதுரையில் எனக்கு 14 வாரத்தில் ஒரு கரு கலைந்து, ஆஸ்பத்திரியில் சுத்தம் செய்தார்கள். என் கணவருக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். மாமியார் வீட்டில் பேச்சு வரும் என்று அம்மா சொல்ல வேண்டாம் என்றிருந்தார். நான் நாத்தனாரின் கையைப் பார்த்தேன், மேஜையைப் பார்த்தேன், தலையாட்டினேன். மிட்வைஃப் அதை அடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து மிட்வைஃபிடமிருந்து போன். வீட்டில் நான் மட்டும். தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன், கிரைண்டரை நிறுத்திவிட்டு எடுத்தேன். உங்கள் ரத்தம் ஓ நெகட்டிவ் என்றார். அடுத்த கேள்வி, இது நிச்சயம் முதல் கர்ப்பம்தானா? நெகட்டிவ் வகைத் தாய்க்கு பாசிட்டிவ் வகைக் குழந்தை முன்னால் உருவாகிக் கலைந்திருந்தால்கூட, உடம்பு அதை எதிரியாக எண்ணி எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்திருக்கலாம். அடுத்த குழந்தையின் ரத்தத்தை அது தாக்கும். அதைத் தடுக்க ஆன்டி-டி என்று ஒரு ஊசி, 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எனக்கு மதுரையில் போட்டார்களா இல்லையா என்று எனக்கே தெரியாது. இடுப்பில் ஏதோ ஒரு ஊசி போட்டது மட்டும் நினைவிருந்தது.

சமையலறையில் நின்றுகொண்டு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஒன்று இருந்தது, போய்விட்டது என்றேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, உங்களுக்கு அப்படி நடந்ததற்கு வருந்துகிறேன், மறுபடி வாருங்கள், இந்த முறை மொழிபெயர்ப்பாளரை நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார்.

இரண்டாவது தடவை மேஜையில் ஸ்பீக்கர் போன். அதிலிருந்து ஒரு அம்மாவின் குரல், யாழ்ப்பாணத் தமிழ். "பிள்ளை, நீங்கள் ஆறுதலாகச் சொல்லுங்கோ, எனக்கு உங்களைத் தெரியாது, நீங்கள் சொல்லுறது வெளியில போகாது" என்றார். முகம் தெரியாத அந்த ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வருடமாக அம்மாவிடம்கூட அவ்வளவு சொன்னதில்லை. அன்று ராத்திரியே அம்மா பீரோவில் தேடிப் பழைய பைலை எடுத்து, டிஸ்சார்ஜ் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார். ஆன்டி-டி போட்டதாக எழுதியிருந்தது. என் ரத்தத்திலும் எதிர்ப்புப் பொருள் எதுவும் இல்லை. 28 வாரத்தில் இன்னொரு ஊசி, மகன் பிறந்ததும் ஒன்று. அவன் பாசிட்டிவ்.

அந்தச் சீட்டு தொலைந்திருந்தால், எதிர்ப்புப் பொருள் உருவாகியிருந்தால் என்று நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. உங்களுக்கு மறைக்க ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் அந்த அறைக்குள் சொந்தக்காரர் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம்.

தூட்டிங் சாந்தி:

மீனாட்சி, உங்களுடைய கதையை வாசித்துக் கண் கலங்கிப் போனேன். அந்த போனில் கதைத்தது நானில்லை, ஆனால் 11 வருடமாக இதே வேலைதான் செய்கிறேன். எங்கட ஆக்கள் கனபேர் இந்த வேலையில் இருக்கிறோம்.

வல்லத்துப் பிள்ளை, மொழிபெயர்ப்பாளர் வேணுமென்றால் வியாழக்கிழமை போய்ச் சொல்லக் கூடாது, இண்டைக்கே சொல்லுங்கோ. மெசேஜில் இருக்கிற நம்பருக்கு எடுத்து, தமிழ் என்று சொன்னால் போதும். பெண் வேணும் என்றும் கேட்கலாம். இங்கிலீஷ் வாசிப்பீர்கள் என்பதற்காக, உங்களுக்குத் தேவையில்லை என்று அவர்களும் நினைக்கக் கூடாது, நீங்களும் நினைக்கக் கூடாது. பாதி புரிந்தால் பாதி புரியவில்லை என்றுதான் அர்த்தம். நேரில் ஆள் கிடைக்காவிட்டால் போனில் எடுப்பார்கள்.

நாங்கள் கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும், அதுதான் எங்கட கடமை. நீங்கள் அழுதால் அழுகிறார் என்று நாங்கள் சொல்ல மாட்டோம், நீங்கள் சொன்ன சொல்லைத்தான் சொல்லுவோம். ஆகவே நேரே மிட்வைஃபைப் பார்த்துக் கதையுங்கோ. இரண்டு மூன்று வசனத்துக்கு ஒருக்கால் நிறுத்துங்கோ. புரியாத சொல் வந்தால் "திரும்பச் சொல்லுங்கோ" என்று எத்தனை தரமும் கேட்கலாம். நான் சொல்லுற யாழ்ப்பாணத் தமிழ் தஞ்சாவூர்ப் பிள்ளைக்குப் புரியாமல் போறதும் உண்டு, அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கோ.

ஊரில் எனக்கு முதல் பிள்ளை கிடைக்கேக்க, குடும்பநல உத்தியோகத்தர் சைக்கிளில் வீட்டுக்கே வருவா. மிட்வைஃப் என்றுதான் நாங்களும் சொல்லுறது. அம்மா அவவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துப் பக்கத்திலேயே இருப்பா. எல்லாக் கேள்விக்கும் அம்மாதான் பதில். எனக்கு என்ன செய்தது என்று நான் வாயைத் திறந்து சொன்ன நினைவே இல்லை.

இன்னொன்று. வியாழனுக்கு முதல் இரத்தம் பட்டாலோ வயிறு கடுமையாக நோவெடுத்தாலோ, அந்தச் சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டாம். 111 என்ற மருத்துவ உதவி நம்பருக்கு எடுங்கோ அல்லது ஜிபிக்குச் சொல்லுங்கோ, கர்ப்பத்தின் ஆரம்பத்தைப் பார்க்கவென்று ஆஸ்பத்திரியில் தனிப் பிரிவு இருக்கு, அங்கே அனுப்புவார்கள். கனக்க இரத்தம் போனால் நேரே எமர்ஜென்சிக்குப் போங்கோ.

வல்லத்துக்காரி:

மீனாட்சி அக்கா, சாந்தி அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஃபோலிக் ஆசிட் இன்றே வாங்கிவிட்டோம். மொழிபெயர்ப்பாளருக்கும் சொல்லியாயிற்று.

சித்தி மகளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. லீவுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாளாம். இன்னொரு கேள்வி, எடுத்துப் போக வேண்டியவை என்ன?

ஈஸ்ட்ஹாம் மீனாட்சி:

உண்மையையே சொல்லுங்கள். ஆஸ்பத்திரி அவர்களே ஆள் ஏற்பாடு செய்கிறார்கள், கூட வருபவர் மொழிபெயர்ப்பதை அவர்கள் விரும்புவதில்லை. இது பொய்யில்லை, இங்கே நடைமுறையே அதுதான். அவளுக்கும் மனம் நோகாது. முடிந்ததும் நேராக அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போங்கள்.

எடுத்துப் போக வேண்டியது: மெசேஜ், பாஸ்போர்ட் அல்லது வேறு அடையாளம், என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) எண் தெரிந்தால் அது, சாப்பிடுகிற மாத்திரைகளின் டப்பா, ஊரில் ஏதாவது பார்த்திருந்தால் அந்தப் பைல். அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டிருந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள், காதை அதற்குப் பழக்கி வைத்திருங்கள். மருந்துக்குக் காசு கட்ட வேண்டாம் என்ற சான்றிதழுக்கு அங்கேயே விண்ணப்பித்துத் தரச் சொல்லுங்கள். பல் டாக்டரும் அதில் இலவசம், குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை. எனக்குத் தெரியாமல் முதல் குழந்தைக்கு ஆறு மாதம் பல்வலியோடு சும்மா இருந்தேன்.

கிளம்புவதற்கு முன் மிட்வைஃப் டீமின் போன் நம்பரைக் கேட்டு வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.

வல்லத்துக்காரி:

போய் வந்துவிட்டேன் அக்கா. 1 மணி 20 நிமிடம் ஆனது. மிட்வைஃபுக்கு நாற்பது வயது இருக்கும். கானா நாட்டிலிருந்து இருபது வருடம் முன் வந்தவராம், அதை அவரே சொன்னார். முதல் குளிர்காலம் கஷ்டமாக இருந்ததா என்று கேட்டார். எனக்கு அங்கேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனில் இருந்த அக்கா திருச்சிக்காரர்.

ஐந்து குழாய் ரத்தம். ஒரு கையில் நரம்பு கிடைக்காமல் மறு கையில் எடுத்தார்கள். ஊதினேன், 1 என்று காட்டியது, நல்லது என்றார். கணவரை வெளியே அனுப்பியபோது அவர் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டார், நான் சொல்லி வைத்திருந்ததால்.

சொந்தக் கல்யாணக் கேள்விக்கு, நான் வரைந்து போன தாளை நீட்டினேன். மேலே எங்கள் தாத்தா பாட்டி, அவர்களிடமிருந்து இரண்டு கோடு, ஒன்றில் மாமா, ஒன்றில் அம்மா, அதன் கீழே நாங்கள் இருவர். அவர் அதைப் பார்த்து, இவ்வளவு தெளிவாக யாரும் கொடுத்ததில்லை என்றார். பிறகு பேனாவால் எங்கள் இரண்டு பெயருக்கும் நடுவில் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து கீழே ஒரு சின்ன வட்டம் வரைந்தார். பைலில் வைக்க ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அம்மாவுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். "அந்த வட்டம்தானா?" என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

தலசீமியா ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறேன். வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.